தலைவரின் இருமல்

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க வராது. இந்தக் குணத்தால் நான் இழந்தவற்றில் முக்கியமானது ஒரு பதவி உயர்வு.

டெல்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷம் பார்மசிஸ்டாக இருந்த பிறகுதான் முதல்முறையாகப் பதவி உயர்வுக்கு நேர்காணல் வந்தது. (அதுவரை எல்லோருக்கும் நான் 'தவாய் வாலே பையா', அதாவது மருந்துக்கார அண்ணன். தலை நரைத்தும் பையா.) லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து கிளம்பும்போது என் மனைவி பத்மா சட்டைக் காலரைச் சரிசெய்து, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றாள்.

உள்ளே தேர்வுக் குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவர் இருமிக்கொண்டே கேட்டார்: "மாத்திரை எடுத்துக் கொடுக்கிறதைத் தவிர பார்மசிஸ்டுக்கு என்ன தெரியும்?"

பதினாறு வருஷமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

"சார், இந்த வறட்டு இருமல் எத்தனை நாளா?" (எல்லாம் இந்தியில்தான். தமிழில் இன்னும் மோசமாக ஒலிக்கும்.)

"ரெண்டு மாசமா."

"பிரஷருக்கு என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

சொன்னார்.

"அச்சா! அதேதான் சார். சில பேருக்கு அது இருமலைக் கொண்டுவரும். எழுதிக் கொடுத்தவர் ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கணும். என்ன டாக்டரோ!"

தலைவர் மெல்ல இடது பக்கம் திரும்பினார். அங்கே உட்கார்ந்திருந்தவர், வெளியிலிருந்து நிபுணராக வந்திருந்த இதய டாக்டர். தலைவரின் இதயத்தையும் அவர்தான் கவனித்து வந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் என் விண்ணப்பத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"ரொம்ப நல்ல மாத்திரைதான் சார். நிறுத்திடாதீங்க" என்று சமாளித்தேன்.

தலைவர் இருமினார்.

பதவி உயர்வு என் ஜூனியருக்குப் போனது. ஒரு மாதம் கழித்து, தலைவர் வராந்தாவில் என்னைப் பார்த்து நின்றார். இரண்டு பக்கமும் யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, "மாத்திரையை மாத்திட்டாங்க. இருமல் நின்னுடுச்சு. யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார். என் உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

அன்றைக்கே பத்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த நேர்காணலில் மூன்று பேரும் நல்ல ஆரோக்கியமாக இருந்தார்கள். பதவி உயர்வு கிடைத்தது. ஆனாலும் இன்றைக்கும் வீட்டுக்கு வரும் விருந்தாளி யாராவது லேசாகத் தொண்டையைச் செருமினால் போதும், என் மகள் சமையலறையிலிருந்து ஓடி வருகிறாள்: "அப்பா, சுப்! வாயைத் திறக்காதீங்க! கொடுத்த ப்ரமோஷனைத் திருப்பி வாங்கிக்கப் போறாங்க!"