என் மீசை பெண்பால்

மின்னி பே, போர்ட் பிளேர்

கடலுக்கு அப்பால் இருந்துகொண்டே என் மகளின் படகுக்கு நங்கூரம் பாய்ச்சிய மைத்துனர் பொன்னுத்துரை அவர்களே, வணக்கம். இங்கு நானும் தங்கள் தங்கை விசாலாட்சியும் நலம். தங்கள் மடல்தான் நலமாக இல்லை.

படகோட்டுவது ஆண்பிள்ளை வேலை, உமா மகேஸ்வரி சுக்கான் பிடித்தால் வெயிலில் கறுத்துப்போவாள், கறுத்தவளுக்கு மாப்பிள்ளை வரமாட்டான் என்று எழுதியிருந்தீர்கள். மறைப்பதற்கில்லை, எனக்கும் அது சரியென்றே பட்டது. மேடைதோறும் பெண் விடுதலை முழங்கிய தொண்டை, சொந்த மகள் என்றதும் கம்மிவிட்டது. ஓட்டுநர் உரிமத் தேர்வுப் பட்டியலிலிருந்து அவள் பெயரை நீக்க, வண்டூர்ப் படகுச் சங்கத்துக்கே சென்றேன். வங்காளியரும் தெலுங்கரும் மலையாளிகளும் கூடிய அவையில் தமிழ் செல்லாதே! ஆகவே மீசையை முறுக்கியபடி எழுந்து, ‘மேரா மூச்’, அதாவது என் மீசை, முகத்தில் இருக்கும்வரை இது நடவாது என்று இந்தியில் முழங்கினேன். அவை அதிரும் என்று பார்த்தேன், சிரித்தது.

எண்ணெய்க் கறை படிந்த கையோடு பின்வரிசையில் நின்ற உமாதான் வாய் திறந்தாள். “மேரா இல்லப்பா, மேரீ. ஹிந்தில மீசை பொம்பள.”

“அப்ப துப்பட்டா?”

“அது ஆம்பள.”

மைத்துனரே, நாற்பது ஆண்டுகளாக எண்ணெய் தடவி வளர்த்த என் ஆண்மை, மொழி மாறியதும் பெண்பாலாகிவிட்டது. தமிழிலோ அது வெறும் அஃறிணை! முகத்தில் முளைத்த மயிருக்கே ஊர் கூடித்தான் பால் வகுக்கிறது என்றால், சுக்கானை ஆணுக்கு எழுதிவைத்தது யார்? கறுப்பைக் குறை என்றது யார்? நீங்களும் நானும் அடுப்புக்கரி நிறத்தில்தான் மணவறை ஏறினோம். எவரும் முகம் சுளிக்கவில்லையே!

பெயரை நீக்காமலே அமர்ந்தேன். மாலையில் அவளே என்னைப் படகில் ஏற்றிச் சென்றாள். குறுக்கே ஓர் அலை வந்தபோது நான் பலகையைக் கட்டிக்கொண்டேன். அவள் சுக்கானைச் சற்றே திருப்பினாள், அவ்வளவுதான். மடியிலிருந்த முறுக்குகூட நொறுங்கவில்லை. மனம் நிறைந்து கரையேறினேன்.

ஆனால் அவள் தேர்வுக்குப் போகமாட்டாளாம். “மாமா வேணாம்னு எழுதினத மாமாவே மாத்திச் சொல்லட்டும்ப்பா” என்கிறாள். வரும் பதினெட்டாம் நாள் தேர்வு. ஆகவே, தாய்மாமனே, இம்மடலை மடிக்கும் முன்பே தொலைபேசியை எடுங்கள்! அவளை அழையுங்கள்! ‘ஓட்டு’ என்ற ஒற்றைச் சொல்லை இன்றே சொல்லுங்கள்!

தங்கள் வீட்டார் அனைவர்க்கும் எங்கள் அன்பு.

சண்முகம்

பின்குறிப்பு: இதை உரக்கப் படித்துக் காட்டிய களைப்பில் விசாலாட்சியிடம் ஒரு தேநீர் கேட்டேன். “உங்க மீசைதான் பொம்பளையாச்சே, அதையே போடச் சொல்லுங்க” என்று விடை வந்தது. உமாவிடம் பேசும்போது, எங்கள் அடுக்களையில் தேயிலை எங்கே இருக்கிறது என்பதையும் கேட்டுச் சொல்லவும்.