சார் கேட்ட அஞ்சு மீன்

தொண்ணூறுகள்ல ஒரு நாள். எங்க ஊரு காரோட்டுல இருந்து நெய்யாற்றின்கரைக்குப் போயி, கணக்கு சார் வீட்டுல டியூஷன் சேரணும். அவ்வளவுதான் வேலை.

பி.ஏ. எக்கனாமிக்ஸ்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸும் உண்டுன்னு சேர்ந்த பொறவுதான் தெரிஞ்சுது! எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். பத்தாங்கிளாஸ்ல கரையேறினதே கர்த்தரோட கிருபை. இந்த சார் சேக்கல்லன்னா பெயிலுதான். அவரோ, சொன்னதைச் செய்யாம வந்தா வாசல்லயே திருப்பி விடுற ஆளு.

முந்தின நாள், சார்கிட்ட ஏற்கெனவே படிக்கிற கூட்டுக்காரி ஷீபா வந்தா. "எடீ, நாளைக்கு வரும்போ அஞ்சு மீன் எடுத்துட்டு வரணும்னு சார் பறஞ்சாரு. தப்பா எடுத்தா சேக்க மாட்டாரு, கேட்டோ!"

அம்மைக்கு ஒரே சந்தோஷம். "தட்சணையா இருக்கும் மக்கா. நல்ல சாராக்கும்!" செவுளைத் தூக்கித் தூக்கிப் பாத்து அஞ்சு அயிலை வாங்கித் தந்தா.

பஸ்ல கவர் ஒழுகிச்சு. கண்டக்டர் மூக்கைப் பொத்தினாரு. "எந்தா இது? சந்தைக்கா?"

"இல்லண்ணா, டியூஷனுக்கு."

"மீனுக்கும் டியூஷனா!"

பஸ்ஸே சிரிச்சுது. சிரிக்கட்டும், சார் சொன்னபடி செஞ்சிருக்கேன்லா!

சார் வீட்டுல நுழைஞ்சதும் முதல் கேள்வி. "மீன் எடுத்தியா?"

"எடுத்தேன் சாரே. அஞ்சும் நல்லதாக்கும்."

"நீயா எடுத்ததா?"

"அம்மை எடுத்துத் தந்தா."

"அம்மைக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அறியுமோ? சரி, காட்டு."

மேசையில கவிழ்த்தேன்.

அங்க இருந்த ஷீபா தலையில கை வச்சா. "எடீ பாவீ! சார் கேட்டது புஸ்தகத்துல உள்ள அஞ்சு கணக்குக்கு ஆவரேஜ்!"

தமிழ் மீடியத்துல எங்களுக்கு அது கூட்டுச்சராசரி. இங்கிலீஷ்ல அதுக்கு மீன்னு பேருன்னு எவ கண்டா!

சார் வாசலைக் காட்டினாரு. எனக்கு உசிரே போச்சு. அப்பம் சாரோட வீட்டுக்காரி வந்து மேசையை எட்டிப் பாத்தாவ. "அய்யோ, பெடைக்கிற புது அயிலை! இந்தப் பிள்ளைய திருப்பி விடண்டா, கேட்டோ!"

சார் பெருமூச்சு விட்டு ஸ்கேலை நீட்டினாரு. "எல்லாத்தையும் அள. கூட்டி அஞ்சால வகு. அதாக்கும் மீன்."

அளந்தேன். விரல் மடக்கிக் கூட்டினேன். வகுத்தேன்.

சார் முழிச்சாரு. "இருக்கதுல சின்ன அயிலைய விட ஆவரேஜ் சின்னதா? அது எப்பிடிடீ?"

மறுபடியும் வகுத்தேன். அதேதான். அழுகையே வந்துட்டு. அப்பம்தான் பாத்தேன், மேசையில நாலுதான் கிடக்கு! அஞ்சாவதைக் கவ்விக்கிட்டு சார் வீட்டுப் பூனை மதில்ல இருக்கு.

"நாலால வகுக்கணும் சாரே!"

சாருக்கே சிரிப்பு வந்துட்டு. "சரி, நாளையில இருந்து வா. கையை வீசிட்டு வா."

பரீட்சையில பாஸாயிட்டேன், மக்கா. இப்பமும் எதை வகுத்தாலும், அதுக்கு முன்ன பூனை எங்க நிக்குன்னு ஒருக்க பாத்துக்கிடுவேன்.