பதினான்கு கதவுகள் பொருத்திய வரலாறு

ஒரு நாகரிகத்தின் உயரத்தை அளக்க ஒரே வழிதான் உண்டு. அது எத்தனை கதவுகளைப் பொருத்தியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் போதும். அந்தக் கணக்கில் ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் 'தோர்ன்டன் வாடகை இல்லங்கள்' நிறுவனத்தை விஞ்ச இங்கிலாந்தில் ஆளில்லை. அங்கே நான் 'பாதுகாப்பு இணக்க அதிகாரி'. இந்த வேலைக்குப் பாதுகாப்பு பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இணங்கிப் போகத் தெரிந்தால் போதும்.

எங்கள் பதினான்கு அடுக்கக வீடுகளிலும், குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் எரிவாயு பாய்லர் சமையலறையில் இருக்கும். அதன் புகைக்குழாய், பொய்க்கூரைக்குள் ஒளிந்துகொண்டு படுக்கையறைக்கு மேலாகப் போய், வெளிச்சுவர் வழியே மூச்சு விடும். கண்ணுக்குத் தெரியாத குழாய் என்பது எவ்வளவு அழகு! இதைப் பொறுக்காத யாரோ ஒரு விதி கொண்டுவந்தார்கள். மறைந்திருக்கும் குழாயைப் பரிசோதகர் பார்ப்பதற்குக் கூரையில் கதவு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாய்லரை அணைக்கச் சொல்லிவிடுவார்கள்.

நிறுவனர் க்ளைவ் தோர்ன்டன் அவசரக் கூட்டம் கூட்டினார். கூட்டம் என்றால் அவரும் நானும் ஒரு தட்டு பிஸ்கட்டும்.

"கூரைய வெட்டினா தூசி வரும். குடியிருக்கறவங்க நுரையீரல் என்னத்துக்கு ஆகும்? எனக்கு மனசாட்சி இருக்குய்யா."

"ஆமா சார்."

"விதியில என்ன போட்டிருக்கு? கதவு வைக்கணும்னு. ஓட்டை போடணும்னு எங்கயாவது இருக்கா?"

"கதவுன்னா பின்னாடி ஓட்டை இருக்கும்னு எழுதினவங்க நெனச்சிருப்பாங்க சார்."

"அவங்க நெனச்சதுக்கெல்லாம் நாம பொறுப்பாக முடியுமா?"

இப்படிப்பட்ட தெளிவு எல்லாருக்கும் வாய்க்காது. இரண்டே நாளில் பதினான்கு கூரைகளிலும் பதினான்கு வெள்ளைக் கதவுகள் ஒட்டப்பட்டன. ஆமாம், ஒட்டப்பட்டன, சட்டத்தோடு பசை போட்டு. ஒரு பொட்டுத் தூசி விழவில்லை. பதினான்கு சான்றுத் தாள்களிலும் 'கதவு உண்டு' என்று எழுதி நான் கையெழுத்திட்டேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

ஒன்பதாம் எண் வீட்டில் ஜில் அக்ராய்டு இருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். கூட இருப்பது ஆறு வயது மகள் மேஸி மட்டும். குளிர் தொடங்கியதும் ஜில்லிடமிருந்து கடிதங்கள் வந்தன.

'அன்புள்ள ஐயா, தொந்தரவுக்கு மன்னிக்கவும். அவசரம் ஒன்றுமில்லை. பாய்லர் ஓடும்போது மகள் தலைவலி என்று அழுகிறாள், வாந்தியும் எடுக்கிறாள். உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். வசதிப்பட்டபோது பார்த்தால் போதும். மிக்க நன்றி.'

எங்கள் அலுவலகத்தில் கடிதங்களைத் தரம் பிரிக்க மூன்று பெட்டிகள் உண்டு: 'புகார்', 'கடும் புகார்', 'பாராட்டு'. இதில் 'மன்னிக்கவும்' இருந்தது, 'நன்றி' இருந்தது, கெட்ட வார்த்தை ஒன்றுமில்லை. ஆகவே பாராட்டுப் பெட்டியில் போட்டேன். அடுத்த கடிதத்தில், சுவரிலிருக்கும் நச்சுவாயு எச்சரிக்கை மணி ஓயாமல் கத்துவதாகவும், அக்கம்பக்கத்தாரிடம் தான் மன்னிப்புக் கேட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தாள். என்ன பண்பு! பேட்டரியைக் கழற்றி மேசை இழுப்பறையில் பத்திரப்படுத்துமாறு ஆலோசனை சொல்லி, அவளது நல்ல சொற்களுக்கு நிறுவனத்தின் சார்பில் மகிழ்ச்சியும் தெரிவித்தேன்.

பிறகு வருடாந்தரச் சோதனை வந்தது. வழக்கமான பரிசோதகர் முதுகுவலியில் படுத்துவிட, பாரி ஹெப்வொர்த் என்ற ஆள் வந்து சேர்ந்தான். வேலையில் அக்கறை உள்ளவன். இந்தக் குறை இருப்பதை முன்கூட்டியே எங்களிடம் சொல்லியிருக்கலாம்.

ஒன்பதாம் எண்ணுக்கு நானும் கூடப் போனேன். படுக்கையறைக்கு வெளியே நடையில் ஏணி போட்டு ஏறினான். கதவைத் திறந்தான். விரல் முட்டியால் தட்டினான்.

"சார், இது கதவா, சுவத்துல மாட்டுற படமா?"

"முதல் தரமான கதவு. துரு பிடிக்காது."

"திறந்தா கூரைதானே இருக்கு!"

"கூரையில வச்ச கதவைத் திறந்தா வேற என்னய்யா இருக்கும்?"

கீழே நின்ற ஜில் பதறினாள். "என்னால உங்களுக்குள்ள சண்டை வேண்டாங்க, மன்னிச்சுக்கோங்க. டீ போடட்டுமா?"

பாரி அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். "டீ கெடக்கட்டும் கண்ணு. மொதல்ல ஜன்னலைத் தொற. வீட்டுல வேற யாரு இருக்கா?"

"பொண்ணு தூங்குறா. இப்பல்லாம் எப்பவும் தூக்கம்தான். காலைலேருந்து எழுப்புறேன், கண்ணு முழிக்கவே மாட்டேங்கிறா."

அவன் ஏணியிலிருந்து குதித்தான். என் அனுமதி பெறாமல் பாய்லரை அணைத்தான். அனுமதி பெறாமல் குழந்தையைப் போர்வையோடு வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். அனுமதி பெறாமல் ஆம்புலன்சைக் கூப்பிட்டான். தாயும் மகளும் ஏறிப்போன பிறகு திரும்பி வந்து, சின்ன ரம்பத்தை எடுத்து, எங்கள் அழகான கதவுக்கு உள்ளே ஒரு ஓட்டை போட்டான். தூசி கொட்டியது. நான் இருமிக்கொண்டே ஆட்சேபித்தேன்.

"வந்து பாருய்யா, அதிகாரி!" என்று கத்தினான். பார்த்தேன். படுக்கையறைப் பக்கமாகக் குழாயின் மூட்டு கழன்று உள்ளங்கை அகலத்துக்கு வாய் பிளந்து கிடந்தது. அதற்கு நேர் கீழே மேஸியின் கட்டில்.

குழந்தை ஆஸ்பத்திரியில் நாலாம் நாள்தான் அம்மாவை அடையாளம் கண்டுகொண்டாள் என்று கேள்விப்பட்டோம். நிறுவனம் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. 'கூரையில் அனுமதியற்ற ஓட்டை' என்ற தலைப்பில், ஓட்டை விழுந்த அன்றே ஜில்லுக்குக் கடிதம் அனுப்பினோம். பாரி ஹெப்வொர்த் எங்கள் படியேறக் கூடாது என்று இன்னொரு கடிதம்.

அப்படியும் நகராட்சியிலிருந்து மிஸ் பாஜெட் என்ற வீட்டுவசதி அதிகாரி விசாரணைக்கு வந்தார். க்ளைவ் 'அத்தனையும் இவர் பொறுப்பு' என்று பெருந்தன்மையோடு என்னைக் கைகாட்டிவிட்டு காபி குடிக்கப் போய்விட்டார். அந்தப் பெண்மணி பதினான்கு சான்றுகளையும் என் முன் பரப்பினார்.

"ஒன்பதாம் எண்ணை விடுங்க. மிச்சம் பதிமூணு வீட்டுக் கூரையையும் இன்னிக்கு வரைக்கும் யாரும் பார்க்கல. கையெழுத்துப் போட்டீங்களே, குழாய் கழண்டா உயிரே போகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

பதினேழு வருட அனுபவமுள்ள ஓர் அதிகாரியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"தெரியாம என்ன மேடம்? விதி வந்த அன்னிக்கே ஆளைக் கூட்டிட்டு வந்து என் வீட்டுக் கூரையில நாலு ஓட்டை போட்டுப் பாத்துட்டேன். எனக்கும் பிள்ளைங்க இருக்குதே!"