கூட்டின் ஓரத்துக் குச்சியும் இரண்டு லென்சும்

அன்புள்ள மைத்துனருக்கு,

அக்காவின் கணவர் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அக்காவின் வலது காலைத் தவிர மற்ற எல்லாம் நலம். அங்கே உங்கள் கைகால்கள் உட்பட அனைத்தும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். மாவுக்கட்டைப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நிற்க. பறவைப் படம் எடுக்க நீங்கள் கொடுத்தனுப்பிய இரண்டு லென்சில் எதை வைத்துக்கொள்கிறேன், எதை வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்புகிறேன் என்று கேட்டிருந்தீர்கள். விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். முன்னறைக் கட்டிலில் படுத்திருக்கும் உங்கள் அக்காவுக்கு ஜன்னல் வழியாகத் தெரிவது ஒரு மரம், அதன் உச்சியில் ஒரு பருந்துக் கூடு. கட்டுப் போட்ட நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "குஞ்சு எத்தனைன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. பறந்துபோயிட்டா அப்புறம் தெரியவே தெரியாது." எழுந்து நடமாட முடியாதவளுக்கு இதையாவது உருப்படியாகச் செய்துகொடுக்க வேண்டும் என்று எனக்கும் உள்ளூர ஆசை.

ஆனால் நான் முப்பத்து நான்கு வருடம் நிலம் அளந்து ஓய்வுபெற்றவன். இரண்டு கருவிகளை ஒப்பிட வேண்டுமானால் ஒரே இடத்திலிருந்து, ஒரே புள்ளியை, ஒவ்வொன்றாலும் மும்மூன்று தடவை பார்க்க வேண்டும். மொட்டைமாடியில் முக்காலியின் கால்களுக்குச் சுண்ணாம்பில் அடையாளம் போட்டேன், மரத்தின் அடி வரைக்கும் டேப் பிடித்தேன், எண்பத்தேழு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். தாய்ப் பருந்தைத்தான் முதலில் புள்ளியாக வைத்தேன், ஆனால் ஒரு லென்சைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதற்குள் அது இரை தேடப் போய்விட்டது, திரும்பி வந்தபோது வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்தது, இப்படி ஒத்துழைக்காத ஒன்றை வைத்து என்ன ஒப்பிடுவது? அதனால் கூட்டின் இடது ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு வளைந்த குச்சியைத் தேர்ந்தெடுத்தேன்.

நூறிலிருந்து நானூறு மில்லிமீட்டர் வரை போகும் சின்ன லென்ஸ் சமையலறைத் தராசில் ஒன்றரைக் கிலோகூட இல்லை, கையில் பிடித்தே எடுக்கலாம், குச்சி தெளிவாக விழுகிறது, ஆனால் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் பொசபொசவென்று ஆகிவிடுகிறது. இருநூறிலிருந்து அறுநூறு வரை போகும் பெரியது இரண்டு கிலோவுக்கு மேல், தோளைப் பிடுங்குகிறது, ஆனால் குச்சியில் பட்டை உரிந்திருப்பது வரைக்கும் காட்டுகிறது. இதில் எனக்கு ஒரு அதிசயம். காலை ஆறு மணிக்கு அப்படிக் காட்டுகிற அதே லென்ஸ் பத்து மணிக்குக் குச்சியை நெளியவைக்கிறது. நடுவே இருக்கும் தகரக் கொட்டகையின் சூடுதான் காரணம். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும்போது இடையில் உள்ள காற்றையும் சேர்த்து இழுத்துவிடுகிறது போலிருக்கிறது. வெயில் ஏறிவிட்டால் பெரியதென்ன, சின்னதென்ன, இரண்டும் ஒரே லட்சணம்தான்.

நேற்று உங்கள் அக்கா, "ஒம்போது நாளா மாடிக்குப் போறீங்க. குஞ்சு எத்தனை?" என்று கேட்டாள்.

"இந்தக் குச்சியப் பாரேன், பட்டை உரிஞ்சதுகூடத் தெரியுது."

"குச்சிய வச்சு நான் என்ன அடுப்பா மூட்டப் போறேன்? ஒரு குஞ்சுகூடத் தலையைத் தூக்கலையா?"

"தூக்குச்சு. தூக்கினா குச்சி மறைஞ்சுடுது. அந்தப் படத்தையெல்லாம் அழிச்சுட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "எனக்கு மட்டும் காலு நல்லா இருந்தா..." என்று ஆரம்பித்தாள். வாக்கியத்தை முடிக்காதது என் அதிர்ஷ்டம். நானூற்றுப் பன்னிரண்டு படம் மாப்பிள்ளை, ஒன்றில்கூடக் குஞ்சு இல்லை. அளந்தே பழகிய புத்தி, என்ன கேட்டார்கள் என்பதையே மறந்துவிட்டது. எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆகவே என் முடிவு: பெரியது இங்கே இருக்கட்டும், சின்னதை அனுப்பிவிடுகிறேன். நாளைக் காலை ஆறு மணிக்குக் குஞ்சுகளை எண்ணிவிட்டுத்தான் மறுவேலை. உங்கள் வீட்டில் மூத்தவர்களுக்கு என் கும்பிடு, இளையவர்களுக்கு என் ஆசி, நடுவில் இருக்கும் உங்களுக்கு இரண்டிலும் பாதி.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆசி வழங்கிக்கொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து "ஏங்க, ஏங்க" என்று சத்தம். "ஒரு நிமிஷம், உன் தம்பிக்குத்தான் எழுதிட்டிருக்கேன்" என்றேன். பிறகு கூப்பிடவில்லை. போய்ப் பார்த்தால் கூடு காலி. இரண்டு குஞ்சுகளாம். முதலாவது நேராகப் பறந்துவிட்டதாம், இரண்டாவது தடுமாறி எங்கள் ஜன்னலுக்கு எதிர் மதிலில் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து அவளையே பார்த்துவிட்டுப் போனதாம். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! வெள்ளிக்கிழமை இரண்டு லென்சையும் அனுப்பிவிடுகிறேன். அந்தக் குஞ்சின் கண் என்ன நிறம் என்று அவளிடம் கேட்டேன். "கூப்பிட்டப்ப வந்திருந்தா நீங்களே பாத்திருக்கலாம்ல" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். பழுப்பாம்.