வெறும் நிலா நேரம்

"நம்ம தப்புன்னு போட்டு, எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்கணும் சார்."

சொல்லிவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளி அவளை உட்கார வைத்துச் சொன்ன ஒரே விதி இதற்கு எதிரானது. "லேட்டா வாங்க, லீவு போடுங்க, சண்டை கூடப் போடுங்க. மன்னிப்பு கேட்கலாம்னு மட்டும் என் முன்னாடி வந்து நிக்காதீங்கம்மா." இரண்டு வருடமாக அப்படி வந்து நிற்காமல்தான் இருந்தாள்.

முதலாளி நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அவளே தயாரித்து அவளே ஒட்டிய இந்த வார நிலா அட்டவணை அங்கே தொங்கியது.

"இப்ப வெறும் நிலா நேரம் ஓடுது பாருங்க. ஒன்பதரையிலேருந்து அஞ்சேகால் வரைக்கும். இந்த நேரத்துல ஆரம்பிக்கிற பேச்சு எதுவும் உருப்படாது. அஞ்சேகாலுக்கு மேல வாங்க."

"அந்த அட்டவணையே தப்புன்னுதான் சார் சொல்ல வந்தேன்."

"தப்புன்னு முடிவாகுற வரைக்கும் அதுதானம்மா அட்டவணை."

அவளுக்கு வீட்டில் 'டிகிரி' என்று பெயர். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அம்மா அப்பா வைத்த பெயர் சான்றிதழில் மட்டும் இருந்தது. அந்தச் சான்றிதழும் இப்போது அவளிடம் இல்லை. சேர்ந்த அன்றே முதலாளி வாங்கிச் சட்டம் போட்டு, வரவேற்பறைச் சுவரில் அவள் புகைப்படத்தோடு மாட்டிவிட்டார். மேலே பெரிய எழுத்தில் 'எங்கள் நிலா விஞ்ஞானி'. தினமும் காலையில் அதைப் பார்க்காமல் உள்ளே வர அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். வாசலிலேயே கைப்பையைத் திறந்து எதையாவது தேடிக்கொண்டே நடப்பாள்.

நிறுவனம் நடத்தியது ஒரு கைபேசி ஆப். மேல்நாட்டு ஜோதிடம். நிலா எந்த ராசியில் இருக்கிறது, எந்தக் கிரகத்தோடு என்ன கோணத்தில் நிற்கிறது என்று பார்த்து, இன்று முடி வெட்டலாம், நாளை சம்பள உயர்வு கேட்கலாம், மறுநாள் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்று செய்தி அனுப்புவார்கள். இதில் எல்லோரும் பயப்படுவது வெறும் நிலா நேரத்துக்கு. ஒரு ராசியில் தன் கடைசிக் கோணத்தை முடித்துவிட்ட நிலாவுக்கு, அடுத்த ராசிக்குள் கால் வைக்கும் வரை வேலை இல்லை. சும்மா நடக்கும். அப்போது நாம் தொடங்குவதும் சும்மா போய்விடும் என்பது கணக்கு.

டிகிரியின் வேலை, வெளிநாட்டு இணையதளம் ஒன்றிலிருந்து அந்த நேரங்களையும் அமாவாசை, பௌர்ணமி நேரங்களையும் எடுத்து, உள்ளூர் நேரத்துக்கு மாற்றி, கூட இரண்டு வரி எழுதி அனுப்புவது. முதலில் பயன்படுத்திய தளம் கிழக்கே ஒரு நாட்டுடையது. அதில் ஐந்து மணி நேரம் கழிக்க வேண்டும். எட்டு மாதத்துக்கு முன் அதை மூடிவிட்டார்கள். மேற்கே இருந்த இன்னொரு தளத்துக்கு மாறினாள். அதற்கு ஐந்து மணி நேரம் கூட்ட வேண்டும். அவள் கழித்துக்கொண்டே இருந்தாள். எம்.எஸ்சி. பௌதிகம், முதல் வகுப்பு.

இன்று காலை பேருந்தில் முன்சீட்டுக்காரர் விரித்த நாளிதழில் அடுத்த பௌர்ணமியின் நேரம் போட்டிருந்தது. அவள் அனுப்பிய நேரத்துக்கும் அதற்கும் பத்து மணி நேரம் வித்தியாசம். உட்கார்ந்த இடத்திலேயே அவள் காது சூடாகிவிட்டது.

எட்டு மாதம். அலுவலகச் சுவரில் ஒரு திரை சந்தாதாரர்களை எண்ணிக்கொண்டே இருக்கும்: 'நிலாவோடு நடப்பவர்கள் 41,312'. அத்தனை பேரில் ஒருவர்கூட ஒரு புகார் சொல்லவில்லை. அது அவளை இன்னும் கூச வைத்தது. திட்டியிருந்தால் தேவலை.

இதோடு போயிருந்தால் அவளும் நாளையிலிருந்து சத்தமில்லாமல் கூட்டத் தொடங்கியிருப்பாள். பதினோரு மணிக்கு அக்கா கூப்பிட்டாள்.

"ஏய் டிகிரி, சூப்பர்வைசர் போஸ்ட் எனக்குத்தான்டி! லெட்டர் கையில இருக்கு."

அக்கா சட்டை தைக்கும் கம்பெனியில் பதினாறு வருடமாகக் காலர் தைக்கிறாள். காலர் தவிர வேறெதுவும் தைத்ததில்லை. டிகிரியின் ஒவ்வொரு பரீட்சைக்கும் பின்னால் சில ஆயிரம் காலர்கள் இருந்தன.

"எப்பக்கா குடுத்தாங்க?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு. கையெழுத்துப் போட்டுட்டு உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். நேத்து மேனேஜர் வரல. இன்னிக்கு நாலரைக்குள்ள போடணுமாம். இல்லைன்னா பட்டன் செக்‌ஷன்காரிக்குக் குடுத்துடுவாங்களாம். உன் நிலா என்னடான்னா அஞ்சேகால் வரைக்கும் கையெழுத்தே வேண்டாங்குது. மேனேஜர்கிட்ட அஞ்சரைக்கு வரேன்னு சொன்னேன். அந்தாளு சிரிக்கிறான்."

"அக்கா, இப்பவே போய்ப் போடு. அந்த நேரம் தப்பு."

"யாரு சொன்னா?"

"நான்தான்."

"மெசேஜ்ல வேற மாதிரி வந்திருக்கே."

"அதையும் நான்தான் போட்டேன்."

"அப்ப ரெண்டு பேர்ல எந்த நீ சரி?"

டிகிரி வாயைத் திறப்பதற்குள் அக்காவே தொடர்ந்தாள்.

"உங்க ஆபீஸ்ல எத்தனை பெரிய மனுசங்க உட்கார்ந்து கணக்குப் போடுறாங்க! உனக்குச் சின்னதுலேருந்தே அவசரம்டி. அவங்ககிட்ட சொல்லி மெசேஜ்ல மாத்தச் சொல்லு. வந்த உடனே போட்டுடறேன்."

அலுவலகத்தில் இருந்த பெரிய மனிதர்கள் மூன்று பேர். முதலாளி, டிகிரி, கம்ப்யூட்டர்காரர். மூன்றாமவர் மூலையில் ஒரு கறுப்புப் பெட்டியோடு குடித்தனம் நடத்துபவர். போன வருடம் வந்த பெட்டி அது. உறுமிக்கொண்டே இருக்கும். என்ன செய்கிறது என்று டிகிரி ஒருநாள் கேட்டதற்கு "சூடாகுது மேடம்" என்றார்.

அதனால்தான் டிகிரி முதலாளி முன்னால் போய் நின்றாள், கேட்கக் கூடாததைக் கேட்டாள், அட்டவணையைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு ஒருவர் புதுச் சுழல் நாற்காலி கொண்டுவந்தார். முதலாளி ரசீதில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

"வெறும் நிலா நேரம் சார்" என்றாள் டிகிரி.

"அது ஒப்பந்தத்துக்கும்மா. இது நாற்காலி."

இரண்டு மணிக்கு மறுபடியும் போனாள். இந்த முறை உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டாள். "திருத்தம் போடாம நான் எழுந்திரிக்க மாட்டேன் சார்."

முதலாளி கம்ப்யூட்டர்காரரைப் பார்த்தார். கம்ப்யூட்டர்காரர் தலையைக் குனிந்து, சுத்தமாக இருந்த கீபோர்டைத் துடைத்தார்.

"சரி, போட்டுக்கோங்க" என்றார் முதலாளி. "மனசு ஆறுற வரைக்கும் போட்டுக்கோங்க."

நாற்பத்தோராயிரம் பேரிடம் மன்னிப்பு கேட்க இவ்வளவு சுலபமாக விட்டுவிடுவார் என்று அவள் நினைக்கவில்லை. தன் மேசைக்கு வந்து தட்டினாள்: 'வருந்துகிறோம். கடந்த எட்டு மாதமாக நாங்கள் தந்த நேரங்கள் பத்து மணி நேரம் பிந்தி வர வேண்டியவை. இன்று மாலை ஏழரை வரை நல்ல நேரம். கையெழுத்திடலாம்.'

அனுப்பிவிட்டு வாடிக்கையாளர் தொலைபேசியை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். எட்டு மாதத்துக்கான வசவை வாங்கிக்கொள்ள முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். தொலைபேசி அடிக்கவில்லை. கைபேசிதான் அடித்தது.

"ஏய், எட்டு மாசமா தப்பாடி?" அக்காவின் குரலுக்குப் பின்னால் தையல் மெஷின்கள் இரைந்தன. "அப்ப நான் கூந்தலை வெட்டினது?"

"அதை விடுக்கா. இப்ப நேரம் நல்லாருக்கு, போய்..."

"இரு. நானும் கணக்குப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலைல ஏழரையிலேருந்து பதினொண்ணு வரைக்கும் வெறும் நிலான்னு போட்டிருந்த. பத்து மணி நேரம் தள்ளினா சாயங்காலம் அஞ்சரையிலேருந்து ஒன்பது. எனக்கு லெட்டர் குடுத்தது ஆறு மணி!"

"அதனால என்ன?"

"வெறும் நிலா நேரத்துல கைக்கு வர காகிதம் வெறும் காகிதம்னு நீதானடி போட்ட? நான் அதை எடுத்து வச்சிருக்கேன்."

போட்டிருந்தாள். போன மாதம் ஒருநாள் செய்தியில் ஒரு வரி இடம் மிச்சமிருந்தது. ஏதாவது போட்டு நிரப்ப வேண்டியிருந்தது. நிரப்பினாள்.

"இந்த லெட்டரே செல்லாதுடி. மேனேஜர்கிட்ட வேற தேதி போட்டு வேற லெட்டர் கேட்கப் போறேன்."

"கேட்காத! நீ ஒண்ணும் கேட்காத, இரு!"

அடுத்த திருத்தம் மூன்று மணிக்குப் போனது: 'கைக்கு வரும் காகிதங்களுக்கு வெறும் நிலா பொருந்தாது. முன்பு எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம்.' நாற்பத்தோராயிரம் பேர் ஒரே நாளில் இரண்டு முறை தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். கழுத்து வரை கூசியது. தொலைபேசியின் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். இருந்தது.

அக்கா மூன்றே காலுக்குக் கூப்பிட்டாள். "எங்க காலர் வரிசையே சிரிக்குதுடி. ஒரு நாள்ல ரெண்டு தடவை மாத்துறாங்கன்னா உங்க ஆபீஸ்ல யாருக்கோ உடம்பு சரியில்ல. உன் பக்கத்துல யாராவது பெரியவங்க இருந்தா போனைக் குடு."

டிகிரி முதலாளியைப் பார்த்தாள். அவர் புது நாற்காலியில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டிருந்தார்.

"யாரும் இல்லக்கா."

"அப்ப நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"நாளைக்கு இல்லக்கா! நாலரை!"

அக்கா வைத்துவிட்டாள். திரும்பத் திரும்ப அடித்தும் எடுக்கவில்லை. வேலை நேரத்தில் கைபேசி எடுத்தால் அங்கே திட்டுவார்கள். நான்கு மணி பத்து நிமிடத்துக்குத்தான் எடுத்தாள்.

டிகிரி கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு சொன்னாள். "அக்கா, நல்லாக் கேளு. நிலாவுக்கும் உன் கையெழுத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் ஆராய்ச்சி எதுவும் பண்ணல. ஒரு இடத்துல போட்டிருக்கிறதைப் பார்த்து எழுதுறேன். அதையும் தப்பா எழுதினேன்."

அக்கா மெஷின் இரைச்சலை விட்டுத் தள்ளிப் போவது கேட்டது.

"டெலஸ்கோப்?" என்றாள் அக்கா.

"இல்லக்கா."

"சின்னதா ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்ல."

"நான் இங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேனேடி. என் தங்கச்சி நிலாவை அளக்குறான்னு."

"அக்கா, மணி நாலேகால் ஆகப் போகுது. போய்க் கையெழுத்துப் போடு."

"போடுறேன். இரு, மூஞ்சியைக் கழுவிட்டு வரேன். இப்படியே மேனேஜர் முன்னாடி போய் நிக்க முடியாது."

டிகிரி தன் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தாள். சுவர்த் திரையில் எண் 41,313 ஆனது. புதிதாக ஒருவர். அவருக்காகவும் வெட்கப்பட்டாள்.

நான்கு முப்பத்திரண்டுக்குக் கைபேசியில் அக்கா தட்டிய இரண்டு வரி வந்தது. 'பட்டன் செக்‌ஷன்காரி போட்டுட்டா. பரவால்ல விடு, மதியம் சாப்டியா?'

அவள் அழவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நான்கு வரி எழுதினாள். இன்றிலிருந்து வேலைக்கு வரவில்லை என்று மூன்று வரியில் முடிந்துவிட்டது. நான்காவது வரி அவள் கையெழுத்து. முதலாளி மேசையில் வைத்தாள்.

அவர் படித்தார். சுவரைப் பார்த்தார். "அஞ்சேகால் ஆகலையேம்மா. வெறும் நிலா நேரத்துல குடுத்த ராஜினாமா நிக்காது. ரெண்டு நாள் ஓய்வெடுத்துட்டுத் திங்கட்கிழமை வாங்க."

"நீங்க ஏத்துக்கணும்னு குடுக்கல சார். தகவலுக்குக் குடுத்தேன்."

வரவேற்பறைக்குப் போனாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, 'எங்கள் நிலா விஞ்ஞானி'யைக் கழற்றினாள். ஆணியோடு கொஞ்சம் சுண்ணாம்பும் வந்தது. அப்போதுதான் முதலாளி அன்று முதல் முறையாக அந்த நாற்காலியை விட்டு எழுந்து ஓடிவந்தார்.

"ஏம்மா, ஏம்மா! அதை எங்க கொண்டு போறீங்க? நீங்க வேணா போங்க, அதை மட்டும் வச்சுட்டுப் போங்கம்மா!"

"இது எங்க அக்கா தைச்ச காலர் சார்" என்றாள். அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்க அவள் நிற்கவில்லை. சட்டத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள். நாளைக்குத் தையல் கம்பெனி வாசலில் போய் நின்று, காலர் வரிசை முழுவதும் கேட்கும்படி உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்திருந்தாள். சிரிக்கட்டும்.

படியில் கால் வைக்கும்போது கம்ப்யூட்டர்காரர் பின்னாலேயே வந்தார். ஆறுதல் சொல்லத்தான் வந்திருந்தார். கறுப்புப் பெட்டிக்கே கேட்டுவிடும் என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாப்பதாயிரம் பேருக்குத் தப்பா அனுப்பிட்டோம்னு மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க மேடம். போன வருஷத்துலேருந்து சந்தா கட்டுறவங்களுக்கெல்லாம் அந்தப் பெட்டியே சரியான நேரத்தை அனுப்பிடுது, சாருக்கு உங்க சர்டிபிகேட் மட்டும்தான் வேணும். நீங்க தட்டுற பழைய லைன்ல மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு நம்பர்தான். சேர்ந்த புதுசுல இலவசமா சேர்த்துவிட்டீங்களே, உங்க அக்கா."