துரைமார் முன்னால் கழற்றிய பூட்ஸ்

மரியாதை தெரிந்தவன் என்று தோட்டத்தில் எனக்கு நல்ல பெயர். அந்த மரியாதைதான் ஒருநாள் நுவரெலியா குதிரைத் திடலில் என் மானத்தை வாங்கியது.

இலங்கை சுதந்திரமாகி ஐந்தாறு வருடம் இருக்கும். றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், அதை நடத்திய வெள்ளைத் துரையின் குதிரைக் கொட்டிலில் எனக்குத் தற்காலிக வேலை. (துரைக்கு மனம் மாறினால் மறுநாளே மண்வெட்டியோடு மலைக்கு!) குதிரையில் ஏறிக் கம்பு தாண்டும் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கையில் துரை படியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டார். அவரை விட்டால் அந்தக் குதிரை என் பேச்சைத்தான் கேட்கும்.

"முனியாண்டி, நீ ஓட்றது. முழுசா முடிச்சா கொட்டில் வேல ஒனக்குத்தான். இல்லாட்டி மலைக்குப் போறது" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில்.

போட்டி விதிகளில் காலுக்கென்றே தனிச் சட்டம் இருந்தது. முழங்கால் வரை கறுப்புத் தோல் பூட்ஸ், குதி வைத்தது, பளபளப்பானது. அது இல்லாதவன் குதிரை ஏற முடியாது. டயர் செருப்புக்கு மேல் எதையும் அறியாத என் கால்களைத் துரையின் பூட்ஸுக்குள் திணிக்க இரண்டு பேர் அரைமணி நேரம் மல்லுக்கட்டினார்கள்.

போட்டித் திடலில் பூட்ஸைச் சோதிக்க நடுவர் மேசைக்கு முன்னால் கூப்பிட்டார்கள். அங்கே ஐந்து வெள்ளைத் துரைமார். ஒரே ஒரு துரை எதிரில் வந்தாலே செருப்பைக் கழற்றி ஒதுங்கி நிற்பவர்கள் நாங்கள். ஐந்து பேர் என்றால்? எங்கிருந்துதான் அந்தப் பலம் வந்ததோ, இரண்டு பூட்ஸையும் உருவி ஓரமாக வைத்துவிட்டுக் கைகட்டி நின்றேன்.

"பூட்ஸ் எங்கே?"

"மரியாதைக்குக் கழட்டிட்டேனுங்க தொர."

திடலே சிரித்தது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம்."

வியர்த்த கால் உள்ளே போவேனா என்றது. வேலை போச்சு என்று நான் முடிவு கட்டியபோது, கூட்டத்திலிருந்து கயிற்றைத் தாண்டி ஓடிவந்தாள் என் அத்தை மகள் செல்லம்மா. இடுப்பிலிருந்து ஒரு சவுக்காரத் துண்டை, சோப்புத்தான், எடுத்தாள். அட்டை கடிக்காமல் காலில் பூசிக்கொள்ள, கொழுந்தெடுக்கும் பெண்கள் எப்போதும் வைத்திருப்பது அது.

"மச்சான், காலக் குடுங்க!"

"எல்லாரும் பாக்குறாங்க புள்ள..."

"பாக்கட்டும். வேல வேணுமா, வெக்கம் வேணுமா?"

ஈரப் புல்லில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் வைத்து முழங்கால் வரை பூசினாள். பூட்ஸ் வழுக்கிக்கொண்டு ஏறியது.

இரண்டு கம்புகளைத் தட்டிவிட்டு, கடைசிக்கு முந்தினவனாக முடித்தேன். (மழை தூறியதில் பூட்ஸ் விளிம்பில் நுரை வேறு!) ஆனாலும் துரை சொன்ன சொல் தவறவில்லை. அந்த வேலையில்தான் பிள்ளைகளை வளர்த்தோம். தாலி ஏறாத பெண், அத்தனை கண்களுக்கு முன்னால் ஓர் ஆணின் காலைப் பிடித்தாளே! அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் கலங்கும்.

அடுத்த தையில் எங்கள் கல்யாணம். மெட்டி போட நான் குனிந்ததும், பந்தலுக்கே கேட்கும்படி செல்லம்மா சொன்னாள்: "அன்னைக்கு நான் புடிச்சேன். இன்னைக்கு ஒங்க மொற!"

இன்றும் எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை மெட்டியோடு குனிந்தால் போதும், பெண்கள் எல்லோரும் சேர்ந்து "ஒங்க மொற!" என்று கத்துவார்கள். காரணம் தெரியாத மாப்பிள்ளைகள் காலைப் பிடித்தபடியே திருதிருவென்று விழிப்பார்கள்.