கடல் தாண்டிய மஞ்சப்பை

வெள்ளிக்கிழமை என்றால் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையில் வண்டி நகராது. அருவியில் குளிக்க வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். குளித்தால் கரையும் சமாச்சாரமில்லை இவர்களுடையது. பிள்ளை வரம் கேட்டும் பேயோட்டவும் சாமியாரைத் தேடிப்போன காலம் மலையேறிவிட்டது. இவர்களைப் பிடித்திருந்தது லாபம்! பாவம், வியாபாரத்தில் நாலு காசு மிஞ்சிவிட்டது. மிஞ்சிய காசுக்கு அரசாங்கம் வரி கேட்கிறது. இதைவிடப் பெரிய சாபம் ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

அந்த வியாதிக்கு, இவர்கள் தேடிப்போகும் சாமி வைத்த பெயர் லாப தோஷம். சாமிக்குச் சாமியே வைத்துக்கொண்ட பெயர் கடல்கடந்த சித்தர். காவி கட்டுவதற்கு முன்னால் அவர் ஏரியூர் சந்திரமோகன். பெங்களூரில் ஒரு பன்னாட்டுத் தொழில்நுட்பக் கம்பெனியின் கணக்கு அதிகாரிகளுக்கு எட்டு வருஷம் கார் ஓட்டியவர். மற்ற சித்தர்களுக்குக் குகையில் கிடைத்த ஞானம் இவருக்குச் சிக்னலில் கிடைத்தது. பின்சீட்டில் அதிகாரிகள் பேசப்பேச, முன்சீட்டில் இவர் கேட்டுக்கொண்டே வந்தார்.

அவர் கேட்டது இதுதான். ஓசூர்க் கடைக்காரர் போனில் விளம்பரம் போடுகிறார். பாலக்கோட்டுக்காரர் அதைப் பார்த்துப் பொருளை வாங்குகிறார். விளம்பரக் காசு கம்பெனிக்குப் போகிறது. ஆனால் கம்பெனியின் இந்தியக் கிளையைக் கேட்டால், "எங்களுக்கு ஏதுங்க லாபம்?" என்று கையை விரிக்கும். லாபமெல்லாம் கடலுக்கு நடுவே, வரியே இல்லாத ஒரு தீவில் இருக்கிறது. அந்தத் தீவில் கம்பெனிக்கு ஆள் உண்டா? இல்லை. நாற்காலி உண்டா? அதுவும் இல்லை. ஒரு தபால் பெட்டி உண்டு. அதன்மேல் கம்பெனியின் பெயர் எழுதியிருக்கும். அவ்வளவுதான்!

'பெட்டிக்கே இவ்வளவு மகிமை என்றால் எனக்கு எவ்வளவு இருக்கும்?' என்று சந்திரமோகனுக்குத் தோன்றியது. வேலையை விட்டார், தாடி விட்டார்.

இந்தச் சாமியிடம்தான் முனிராஜ் போய் விழுந்தான். மாரண்டஹள்ளியில் ஸ்ரீ முனியப்பன் தக்காளி மண்டி அவனுடையது. மண்டிக் கணக்கை எழுதுபவள் அவன் மனைவி சுகுணா. தக்காளி விலை ஏறிய புண்ணியத்தில் அந்த வருஷம் மூன்று லட்சம் மிஞ்சியிருந்தது. அதில் ஒரு லட்சத்து எண்பதாயிரம், மகள் காவியாவின் நர்சிங் கல்லூரிக்கு என்று சுகுணா தனியாக எழுதி வைத்திருந்தாள். மாட்டுத்தீவனம் விற்கும் பாலக்கோடு பச்சியப்பன் வந்து, "பெரிய பெரிய கம்பெனியே செய்யுது மாப்ள, நாம செஞ்சா என்ன?" என்று காதில் ஓதினார். முனிராஜின் மண்டை கிறுகிறுத்துவிட்டது.

முதல் தடவை சுகுணாவும் கூடப் போயிருந்தாள். சாமி சிவப்புத் துணி போர்த்திய மேடையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பித்தளைக் குடம், பக்கத்தில் ஒரு லேப்டாப். எதிரில் இருப்பவர் முகம் தெரியாத அளவுக்குச் சாம்பிராணிப் புகை.

"உன் மண்டியின் பெயரைத் தீவுப் பீடத்துக்கு விற்றுவிடு மகனே" என்றார் சாமி. "பிறகு அந்தப் பெயரைத் தீவு உனக்கு வாடகைக்கு விடும். லாபம் மூன்று லட்சமா? வாடகையும் மூன்று லட்சம். கணக்கில் மீதி?"

"சைபருங்க சாமி!" என்றான் முனிராஜ், கண்ணில் நீர் தளும்ப.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பத்து வருஷமாக நஷ்டத்துக்கு அழுத ஊர், அன்று சைபருக்கு ஆனந்தக் கண்ணீர் விட்டது.

சுகுணாவுக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏனுங்க சாமி, தக்காளி வெளஞ்சது மாரண்டஹள்ளியில. மூட்டை தூக்குனது எங்க ஆளுங்க. வாங்குனது ஓசூர்க்காரங்க. அந்தப் பேரு எங்க மாமனாரு வெச்சது. லாபம் மட்டும் எப்படிங்க கடல்ல பொறக்கும்?"

"பெண்ணே, கணக்குக் கேட்டால் மந்திரம் பலிக்காது."

"கேக்கலைன்னா பணமே மிஞ்சாதுங்களே?"

"ஏ சுகுணா, சும்மா இருக்கமாட்டே?" என்று முனிராஜ் பல்லைக் கடித்தான். மூன்று லட்சத்தை மண்டிப் பெயர் அச்சடித்த மஞ்சப்பையில் முடிந்து அவனே குடத்தில் போட்டான். சாமி கையால் தொடவில்லை. தொட்டால் அது வருமானமாகிவிடுமாம்! தீயைத் தொட்டால் சுடும் என்பதுபோல அதை ஒரு விதியாகவே சொல்லி வைத்திருந்தார். பட்டுத் துணியால் குடத்தை மூடி மணி அடித்தார். துணியை எடுத்தால் குடம் காலி. லேப்டாப்பில் ஒரு தென்னை மரம், நீலக் கடல், கீழே 'வந்து சேர்ந்தது' என்று எழுத்து. அந்தத் தென்னை மரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள் ஐயா, நம் ஜனங்கள்!

மூன்று வாரம் போனது. கல்லூரியிலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் காவியாவின் இடம் வேறு ஆளுக்கு. முனிராஜ் சாமியிடம் ஓடிப்போய், தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தான்.

"என்னங்க சொன்னாரு?"

"பணம் இப்ப தீவோடதாம். நமக்கு வேணும்னா கடனா தருமாம். வட்டி உண்டாம். அதுக்கும் முப்பதாயிரம் காணிக்கை வெக்கணுமாம்."

"நம்ம பணத்தை நமக்கே வட்டிக்கா?"

"பெரிய கம்பெனியெல்லாம் அப்படித்தான் பண்ணுதாம் சுகுணா."

சுகுணாவுக்கு அழுகை வந்தது. அழுதால் கோபம் குறைந்துவிடும் என்று அடக்கிக்கொண்டாள். உள்ளே காவியா புதுச் சீருடைத் துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு முனிராஜின் பக்கம் திரும்பினாள்.

"சரி, வெள்ளிக்கிழமை நானே காணிக்கை கொண்டாரேன்" என்றாள்.

வியாழக்கிழமை சந்தையில் அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கினாள். மண்டியின் மஞ்சப்பை ஒன்றில் அதைக் கொட்டி, மேலே நாலு ஐந்நூறு ரூபாய்த் தாளை அடுக்கி, இறுக்கி முடிச்சுப் போட்டாள். எலி பிடிப்பதற்காக மண்டியில் வளரும் பூனைக்கு அன்று ராத்திரி சோறு வைக்கவில்லை. காலையில் அதைத் தக்காளிக் கிரேட்டில் விட்டு, இன்னொரு கிரேட்டைக் கவிழ்த்து மூடி, குட்டியானை வண்டியில் ஏற்றினாள்.

"பூனை எதுக்கு?" என்றான் முனிராஜ்.

"அதுக்கும் தோஷமாம்."

வழியில் பள்ளத்தில் விழுந்து வண்டி ஒருமுறை நின்றது. கூட வந்த பச்சியப்பன் இறங்கித் தள்ளிக்கொண்டே, "ஒரு ரோடு ஒழுங்கா போடுறானுங்களா? கவர்மெண்டு பணமெல்லாம் எங்கதான் போவுதோ!" என்று திட்டினார். கவர்மெண்டுக்குப் போகவேண்டிய பணத்தைத் தீவுக்கு அனுப்பத்தான் அவரும் போய்க்கொண்டிருந்தார். அது அவருக்கே உறைக்கவில்லை.

சாமியின் மேடையைச் சுற்றி இருநூறு பேர். சுகுணா பவ்யமாகப் பையைக் குடத்தில் போட்டாள். சாமி வழக்கம்போல அதைத் தொடவில்லை. அவர் மூக்கு சாம்பிராணியில் என்றைக்கோ செத்துப்போயிருந்தது. மணி, பட்டுத்துணி, காலிக் குடம், தென்னை மரம். கன்னத்தில் பட்பட்டென்று அடி.

"சாமி, இப்ப என் பை எங்கீங்க இருக்கு?"

"ஏழு கடலுக்கு அப்பால்."

"நெசமா இங்க இல்லீங்களே?"

"இந்த மண்ணில் அதன் வாசனைகூட மிச்சமில்லை மகளே!"

"அப்ப சரிங்க" என்று சுகுணா மேல் கிரேட்டைத் தூக்கினாள்.

பூனை ஒரு கணம் மூக்கை உயர்த்தியது. அதற்குப் பக்தி கிடையாது, பயம் கிடையாது, பெரிய கம்பெனி எப்படிச் செய்கிறது என்ற விவரமும் தெரியாது. பசி மட்டும் இருந்தது. ஏழு கடலையும் தாண்ட வேண்டிய பூனை நாலே எட்டில் மேடைக்குப் போய், சாமியின் காலடியில் சிவப்புத் துணிக்குள் நுழைந்து பிறாண்ட ஆரம்பித்தது.

"சூ! சூ! அபச்சாரம்!" என்றார் சாமி. பூனை நகரவில்லை. வாலைப் பிடித்து இழுத்தார். அது திரும்பி அவர் முழங்கையில் நாலு கோடு போட்டது. "அய்யய்யோ! புடிங்கடா இந்தச் சனியன!" என்று கத்தியபோது ஏழு கடல் தமிழ் போய், ஏரியூர்த் தமிழ் வந்துவிட்டது.

சுகுணா துணியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். குடத்துக்கு அடியே மேடையில் ஒரு ஓட்டை. குடத்துக்கோ அடிப்பாகமே கிடையாது. ஓட்டைக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி. பூனை தன் பையை வெளியே இழுத்துப் போட்டுக் கிழித்துத் தின்றது. ஐந்நூறு ரூபாய்த் தாள்மேல் உட்கார்ந்துதான் தின்றது, அதற்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

"பாருங்க! நல்லாப் பாருங்க!" சுகுணா கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "எந்தப் பையும் கடல் தாண்டல. கடல் தாண்டுனது வெறும் பேச்சு. பணம் இந்த ஆளு காலுக்குக் கீழதான் கெடக்குது!"

கூட்டம் பாய்ந்தது. சாமியின் காருக்குள் ஸ்டெப்னிக்குப் பின்னால் இன்னும் நிறையப் பைகள். எல்லாவற்றிலும் கடைப் பெயர் அச்சடித்திருந்ததால் அவரவர் பையை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். முனிராஜின் பையில் இரண்டு லட்சத்து ஐம்பதாயிரம் இருந்தது. மீதி சாமியின் வயிற்றுக்குள் போயிருக்கும். முனிராஜ் அதை மனைவியின் கையில் கொடுத்தான். அவள் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"திங்கக்கெழம நானே புள்ளயக் கூட்டிட்டுப் போயிக் கட்டிட்டு வரேன்" என்றாள் சுகுணா. "மிச்சத்துக்கு வரி எவ்வளவோ அதையும் கட்டிடுவேன். இனிமே எங்கிட்ட தோஷம் கீஷம்னு பேசுனீங்க, அவ்ளோதான்."

போலீஸ் வந்தது. பூனை பிறாண்டிய கைக்கு ஊசி போடச் சாமியை முதலில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பூனைக்குச் சொந்தக்காரி என்பதால் சுகுணாவும் போனாள். அவர் என்னதான் திருடர் என்றாலும் வெறிநோய் வந்து சாக வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. பச்சியப்பன் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார்.

நர்ஸ் ஷகிலா சட்டைக் கையை மடிக்கச் சொன்னாள். "நாலு ஊசிங்க. தேதி தவறாம வரணும்."

"எவ்வளவுங்க ஆகும் சிஸ்டர்?" என்றார் சாமி, இல்லை, சந்திரமோகன்.

"காசில்லீங்க. கவர்மெண்ட் ஊசி. ஜனங்க கட்டுற வரிப்பணம்."

எதையும் தொட்டால் வருமானமாகிவிடும் என்ற மகான், மறு பேச்சில்லாமல் கையை நீட்டினார். தீவிலிருந்து ஊசி வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

ஊசி போட்டதும் அவருக்கு ரோஷம் வந்தது. "நான் மட்டும் என்னம்மா தப்பு பண்ணிட்டேன்? கோட்டு சூட்டு போட்டவன் இதையே கோடிக்கணக்குல பண்ணுறான். அவனுக்கு மாலை, எனக்கு வெலங்கா?"

"அவங்க மேடைக்குக் கீழ பூனை விட இன்னும் யாருக்கும் தோணல" என்றாள் சுகுணா. "தோணுற அன்னிக்கு அவங்களுக்கும் இந்த ஊசிதான்."

வெளியே வந்தபோது பச்சியப்பன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் அருகே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா சுகுணா, இவன் போலி, சரி. கிருஷ்ணகிரி பக்கம் இன்னொரு சாமி இருக்காராம். அவரு அசலுன்னு சொல்றாங்களே?"

சுகுணா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போயிட்டு வாங்கண்ணா. கருவாடு மிச்சமிருக்குது, பூனையும் நானே தரேன். ஆனா லாபம் எந்தத் தீவுக்கு வேணா போகட்டும், மூளைய மட்டும் கடல் தாண்ட வுட்றாதீங்க."